மெத்தைக்காரர்கள் வாங்கிய டீம்

உலகத்து மாப்பிள்ளைகளுக்கெல்லாம் மாமியாரைக் கண்டு நடுங்க ஆயிரம் காரணம் இருக்கலாம். நம்முடைய மாப்பிள்ளையின் காரணம் அந்த ஆயிரத்தில் சேராது. ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டம் முடிந்ததும் மாமியார் கடையில் போய் உட்காராவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். போய் உட்கார்ந்தாலோ வயிற்றில் புளியைக் கரைக்கும். மனிதர் படும் பாடு அப்படி.

மாமியாருடையது சோபா ரிப்பேர் கடை. கடை நிறைய ஊரார் வீட்டு சோபாக்கள் கிடக்கும். ஒன்றில் ஸ்பிரிங் எட்டிப் பார்க்கும், ஒன்றைப் பூனை பிராண்டியிருக்கும், ஒன்றில் நடுவில் ஆள் புதையும் பள்ளம் இருக்கும். ஆட்டம் முடிந்து வருகிற கூட்டம் இவற்றில்தான் சாயும். "அடுத்தவங்க சோபாவாச்சே" என்று யாராவது தயங்கினால், "உக்காந்து பார்த்தாத்தானே எங்க பள்ளம்னு எனக்குத் தெரியும், உக்காருப்பா" என்பார் அத்தை. மாப்பிள்ளைக்கு அத்தை, மற்றவர்களுக்கு அக்கா. வளைந்த ஊசியும் கையுமாக நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே டீமைத் திட்டுவார். கை தைக்கும், வாய் கிழிக்கும்.

கூட்டம் என்றால் பெரிய கூட்டமில்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர் ஒருவர். அவருக்குப் பெயர் பிரேக்கு. கற்றுக்கொள்கிறவர்களோடு போய்ப் போய், சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் யாராவது கையை வேகமாக வீசினால் வலது கால் தரையை அழுத்தும். இன்னொருவர் மருந்துக்கடைக்காரர். எதைச் சொன்னாலும் பொறுங்கள் என்பார். மருந்து வேலை செய்ய நேரம் எடுக்கும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன வாய், டீமைப் பற்றியும் அதையே சொல்லும். அப்புறம் மாப்பிள்ளை. ஆக நாலு பேர். சத்தம் மட்டும் நாற்பது பேருக்கு வரும்.

சண்டை எல்லாம் ஒன்றைப் பற்றித்தான்: டீமை வாங்கியவர்கள் அதை ஒழுங்காக நடத்துகிறார்களா இல்லையா? வாங்கியவர்கள் மெத்தைக் கம்பெனி நடத்தும் அண்ணன் தம்பி. அத்தைக்கு அவர்கள்மேல் தொழில் கோபமே தனியாக உண்டு. "பஞ்சு விக்கிறவனுக்குப் பந்து என்ன தெரியும்? அவன் மெத்தையே வாங்கின மறுவருஷம் பள்ளம். டீமையும் பள்ளத்துல இறக்கிட்டான்" என்பார்.

"மூணு கோச்சை மாத்திட்டாங்கக்கா" என்று பிரேக்கு ஆரம்பிப்பார். "வண்டி கத்துக்கிறவன் கியரைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள வாத்தியாரை மாத்தினா வண்டி எங்க போகும்? சுவத்துலதான் போகும்."

"பழைய ஓனர் காலத்தை மறந்துட்டுப் பேசக்கூடாது" என்பார் மருந்துக்கடைக்காரர். "மேட்ச் நடுவுல விளக்கு அணையும். நாம இருட்டுல கை தட்டிக்கிட்டு நிப்போம். இப்ப அணையுதா?"

"எரியுது எரியுது. நல்லா எரியறதாலதான் நாம தோக்கறது பளிச்சுன்னு தெரியுது" என்பார் அத்தை.

"பொம்பளைங்க பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் போட்டது யாரு? நீங்களே சொல்லுங்கக்கா."

"அதை ஒத்துக்கறேன். அதுக்காகப் பச்சை ஜெர்சியை எடுத்துட்டு, வெளிறிப்போன ஊதாக் கலர்ல ஒண்ணைக் கொடுப்பானா? அந்தக் கலரைப் பார்த்தா நல்லா தூக்கம் வருமாம். வருதே! நம்ம டிஃபன்ஸே நின்னுக்கிட்டே தூங்குது."

இப்படிப் போகும். இந்தச் சத்தத்துக்கு நடுவில் மாப்பிள்ளையும் வாயைத் திறப்பார். பாதியில் வெட்டுவார்கள். மறுபடி திறப்பார், "அட, சும்மா இருங்க மாப்பிள்ளை" என்று மூன்று பேரும் சேர்ந்து அமுக்குவார்கள். அதில் அவருக்கு ஒரு சுகம். சிறு வயதிலிருந்து எந்தக் கூட்டத்திலும் ஓரமாக நிற்கிற ஆள் அவர். பள்ளிக்கூட போட்டோவில்கூடப் பாதி முகம்தான் விழுந்திருக்கும். கல்யாணமான புதிதில் அத்தைதான் அவரை மைதானத்தின் கிழக்கு ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு ஒரு கோல் விழுந்தது. முன்பின் தெரியாத ஒருவர் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றிக் கீழே வைத்தார். அன்றோடு ஆள் டீமுக்கு அடிமை. அதுவரை ஒரு டீமும் இல்லாத மனிதருக்கு ஒரு டீம், சண்டை போட ஒரு சோபா, தன்னை வெட்டிப் பேச மூன்று பேர், எல்லாம் ஒரே நாளில் கிடைத்தன.

சரி, வயிற்றுப் புளிக்கு வருவோம். கல்யாணத்தின்போது மாப்பிள்ளை ஒரு விளம்பரக் கம்பெனியில் எழுத்து வேலையில் இருந்தார். பிறகு மெத்தைக்காரர்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எதற்கு? டீமின் அறிவிப்புகளை எழுதுவதற்கு! கோச் போனாலும் ஜெர்சி மாறினாலும் ஆட்டக்காரரை விற்றாலும் ஊருக்குச் சொல்கிற அந்த நாலு வரி மாப்பிள்ளையின் கைவண்ணம். இதை அவர் அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் சோபாவில் இடம் போய்விடும் என்ற பயம். இந்த சீசன் முடியட்டும், ஒரு வெற்றி வரட்டும், சொல்லிவிடலாம் என்று தள்ளிப் போட்டார். நம் டீமை நம்பி வெற்றி வரட்டும் என்று தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? ஆறு மாதம் ஆகிவிட்டது.

"சொல்லித் தொலைங்களேன்" என்பாள் மனைவி. "அம்மாவுக்கு வேற யார் மூலமாவது தெரிஞ்சா என்னையும் சேர்த்துத் தைச்சுடுவாங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்பார். சொல்லமாட்டார்.

எப்படிச் சொல்வது? ஒவ்வொரு அறிவிப்பையும் அத்தை கடையில் சத்தமாக வாசிப்பார். "'அணியின் நீண்டகால நலனைக் கருத்தில் கொண்டு...' கேட்டீங்களா கூத்தை? இதை எழுதின கை மட்டும் எனக்குக் கிடைக்கட்டும். இந்த சோபாவோட சேர்த்துத் தைச்சுடறேன்" என்பார். அந்தக் கை அவருக்கு அரை அடி தள்ளி டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அன்றைக்கும் ஒரு ஞாயிறு. டீம் சொந்த மைதானத்தில் தோற்றிருந்தது. பேச்சு நெட்டையிடம் போய் நின்றது. நெட்டை என்பது ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர். ஓர் எட்டு வைத்தால் பாதி மைதானம் போகிற முன்கள ஆட்டக்காரர். நடு சீசனில் வேறு டீமுக்குப் போய்விட்டார்.

"நெட்டையை வித்துத் தின்னுட்டானுங்க" என்றார் பிரேக்கு. "பெத்த பிள்ளையை விக்கற மாதிரி வித்துட்டானுங்க."

"கல்நெஞ்சக்காரனுங்க" என்றார் அத்தை.

மருந்துக்கடைக்காரர்கூட அன்று பொறுங்கள் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. நடந்தது அவருக்குத் தெரியும். நெட்டையின் அப்பாவுக்கு உடம்பு மோசமாகிவிட்டது. ஊர்ப்பக்கம் போய் ஆடுகிறேன் என்று நெட்டையே கெஞ்சிக் கேட்டுக்கொண்டு போனார், காரணத்தை வெளியே சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். மெத்தைக்காரர்களும் வாயை மூடிக்கொண்டு ஊரார் திட்டை வாங்கிக்கொண்டார்கள். இத்தனையும் நெஞ்சில் கிடந்து முட்டியது.

"அப்படி இல்ல, அவரேதான் போகணும்னு கேட்டார்" என்றார் மாப்பிள்ளை. "நாங்க எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், கேக்கலையே!"

பிரேக்கின் வலது கால் தரையை அழுத்தியது. மருந்துக்கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். அத்தையின் ஊசி ரெக்சினுக்குள் பாதி போய் நின்றது.

அந்தக் கடையில் ஜெயித்தாலும் "நாம", தோற்றாலும் "நாம". பழைய ஓனரைத் திட்டியபோதும் நாம, பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லாமல் நின்றபோதும் நாம. "நாங்க" என்ற சொல் அங்கே அதுவரை யார் வாயிலும் வந்ததில்லை. எதிரே இருப்பவரைச் சேர்க்க ஒரு சொல், வெளியே நிறுத்த ஒரு சொல் என்று நம் பாஷையில் இரண்டை வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. வேறு பாஷைக்காரராக இருந்தால் மாப்பிள்ளை தப்பியிருப்பார்.

"நாங்கன்னா யாரு மாப்பிள்ளை?" என்றார் அத்தை.

"அது வந்து... நானும் உங்க பொண்ணும்..."

"நீங்களும் எம் பொண்ணும் சேர்ந்து நெட்டைக்குப் புத்தி சொன்னீங்களா? எங்க வச்சு? உங்க வீட்டு அடுப்பங்கரையிலயா?"

பிரேக்குக்குச் சிரிப்பு பீறிட்டது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே விழுங்கிவிட்டார். இனி மூடி மறைக்க என்ன இருக்கிறது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? மாப்பிள்ளை தன் வேலையைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினார்.

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"'நீண்டகால நலன்' நீங்க எழுதினதா?"

"ஆமா அத்தை."

"'ரசிகர்களின் உணர்வுகளை மதிக்கிறோம்'?"

"அதுவும்தான்."

"ஊதாக் கலருக்கு 'புத்துணர்ச்சி தரும் புதிய தோற்றம்'?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்தார். அத்தை ஊசியை இழுத்து நூலை அறுத்தார். "டீ ஆறிடப் போகுது, குடிங்க மாப்பிள்ளை" என்றார், வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல. பிறகு பிரேக்கின் பக்கம் திரும்பி, "வானம் ஒரு மாதிரி மூடிக்கிட்டு இருக்கே, மழை வருமோ?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். வராதே என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் டீ வந்தது, சோபாவில் இடம் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை உள்ளே நுழைந்தால் பந்து வெளியே போய்விடும். மழையைப் பற்றிப் பேசினார்கள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள், மருந்துக்கடைக்காரர் இருமலில் எத்தனை வகை என்று விளக்கினார். அதையும் எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கிழக்கு ஸ்டாண்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும்போதுகூட, "கோல் விழுந்திருக்கு மாப்பிள்ளை" என்று அத்தை தகவல் சொன்னார். அவருக்குக் கண்ணில்லையா? கட்டிப்பிடித்துக் குதிக்க வேண்டிய இடத்தில் செய்தி வாசித்தால் மனிதன் என்ன செய்வான்?

வீட்டில் அதைவிட மோசம். "என்கிட்டயும் பேசமாட்டேங்கறாங்க" என்று மனைவி கண்ணைக் கசக்கினாள். "ஃபோன் பண்ணா 'சாப்பிட்டியா, சரி வை'ங்கறாங்க. தெரிஞ்சுக்கிட்டே நானும் மறைச்சேனாம். உங்களாலதான்."

தாங்க முடியாமல் ஒரு வேலை நாளில் மாப்பிள்ளை தனியாகக் கடைக்குப் போனார். அத்தை ஒரு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு ஸ்பிரிங்குகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தை, நான் அங்க வேலை பாக்கறது உங்களுக்கு அவ்வளவு கோபமா?"

"வேலை பார்த்தா என்ன? வயித்துப் பொழப்பு. யார்தான் முழுக்கப் பிடிச்ச இடத்துல வேலை பாக்கறாங்க?" அத்தை கயிற்றை முடிச்சுப் போட்டார். "நான் ஆறு மாசமா வாரா வாரம் தொண்டை கிழியத் திட்டறேன். நீங்க பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருக்கீங்க. உள்ளுக்குள்ள சிரிச்சீங்களோ, வீட்டுக்குப் போய் எம் பொண்ணுகிட்ட சொல்லிச் சிரிச்சீங்களோ. என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்களே மாப்பிள்ளை. அதுதான் ஆறமாட்டேங்குது."

"சிரிக்கல அத்தை. சத்தியமா சிரிக்கல. சொன்னா என்னோட பேசமாட்டீங்கன்னு பயந்தேன்."

"இப்ப மட்டும் பேசறோமா?" என்றார் அத்தை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடனே கோபம் வந்துவிட்டது. "கயித்தை இழுத்துப் பிடிங்க. தொளதொளன்னு விட்டா யாரு உக்காருவா?"

இது இப்படி இருக்க, மெத்தைக்காரர்களில் மூத்தவருக்கு ஒரு யோசனை உதித்தது. ரசிகர்களைக் கூப்பிட்டு நேரில் பேசப் போகிறாராம். "ஒரு பெரிய விஷயம் சொல்லப் போறேன். இதை நீ எழுத வேண்டாம், நானே வாயால சொல்றேன்" என்று மாப்பிள்ளையிடம் கண் சிமிட்டினார். நல்ல மனிதர்தான். மெத்தை விற்று விற்று எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. இளையவர் வேறு ரகம். எப்போதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டே, யாரை வேலையிலிருந்து தூக்கலாம் என்று யோசிக்கிற முகம்.

ஸ்டாண்டுக்குக் கீழே இருந்த கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கூட்டம் நெருக்கித் தள்ளியது. முன்வரிசையில் அத்தை, இரண்டு பக்கமும் பிரேக்கும் மருந்துக்கடைக்காரரும். மேடையில் அண்ணன் தம்பி, ஓரத்தில் மைக்கை நீட்டுகிற வேலையில் மாப்பிள்ளை. நடுவில் எதன்மேலோ துணி போர்த்தியிருந்தது. மூத்தவர் துணியை விலக்கினார். நாற்காலி! வெளிறிய ஊதா நிறத்தில், புசுபுசு என்று ஒரு மெத்தை நாற்காலி.

"உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்" என்றார் மூத்தவர், கண்ணெல்லாம் பளபளக்க. "கிழக்கு ஸ்டாண்டுல மழையிலயும் வெயில்லயும் கால் கடுக்க நிக்கறீங்க. இனிமே நிக்க வேண்டாம். அங்க முழுக்க இந்த நாற்காலி போடப்போறோம்."

கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்து அவர் நின்றார். ஓர் ஈ பறந்தால் கேட்டிருக்கும். கிழக்கு ஸ்டாண்டில் நாற்காலியா? அங்கே ஆட்டம் முடியும்வரை யாரும் உட்கார்ந்ததாகச் சரித்திரமே கிடையாது.

"யாராவது வந்து உக்காந்து பாருங்க" என்றார் மூத்தவர். வேறு யார் எழுவார்? அத்தை மேடை ஏறினார். உட்கார்ந்தார். கையால் அமுக்கிப் பார்த்தார், அப்படியும் இப்படியும் அசைந்து பார்த்தார்.

"சுகமாத்தான் இருக்கு ஐயா. குறை சொல்ல முடியாது" என்றார் மைக்கில். "ஆனா நாங்க அங்க உக்கார வரல."

"கால் வலிக்குமேம்மா!"

"வலிக்கட்டும். அவங்க பதினோரு பேரு கீழ ஓடறாங்க, நான் மேல உக்காந்திருந்தா வேடிக்கை பாக்க வந்தவ ஆயிடுவேன். தோத்துட்டு வீட்டுக்குப் போகும்போது காலாவது வலிக்கணும். அப்பத்தான் நானும் ஆடினேன்னு இருக்கும்."

கூடம் அதிர்ந்தது. மூத்தவரின் முகம் சுண்டிப்போனது. பரிசு கொண்டுவந்த இடத்தில் திருப்பிக் கொடுத்தால் யாருக்குத்தான் வலிக்காது? இளையவர் கைபேசியிலிருந்து முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். "அண்ணே, ஒருத்தங்க பிடிவாதத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. நம்ம பையன்தான் இருக்கானே, ரசிகர்களைப் பத்தி எழுதறவன். அவனைக் கேளுங்க."

"ஆமா தம்பி, நீ சொல்லு" என்றார் மூத்தவர் மாப்பிள்ளையிடம் ஆசையாக. "நாற்காலி போட்டா மத்தவங்க உக்காருவாங்களா, மாட்டாங்களா?"

இளையவரின் கண் 'உக்காருவாங்கன்னு சொல்லு' என்று முறைத்தது. மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. நாற்காலியின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டாங்க சார்" என்றார் மாப்பிள்ளை. சொன்ன பிறகுதான் மைக் தன் கையில் இருப்பதும், கூடம் முழுக்கக் கேட்டுவிட்டதும் அவருக்கு உறைத்தது. வந்தது வரட்டும் என்று தொடர்ந்தார். "நானும் உக்கார மாட்டேன். ஞாயித்துக்கிழமை லீவு கேப்பேனே, அங்கதான் போறேன். இவங்க பக்கத்துல நிக்கத்தான் போறேன். இவங்க என் மாமியார்."

பிரேக்கு விசிலடித்தார். சிரிப்பும் கைதட்டலும் கூரையைத் தொட்டன. அதோடு வாயை மூடியிருந்தால் மாப்பிள்ளை அன்றைக்கே கதாநாயகன். மூடினாரா? இல்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். சாருக்கு ஆட்டம் தெரியாது, உண்மைதான். ஜெர்சி கலரும் கண்றாவிதான். ஆனா சார் கெட்டவர் இல்ல. நெட்டை விஷயத்துல தப்பு இல்லாமலே திட்டு வாங்கினார். யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு வாயைத் திறக்கல. உங்கள்ல எத்தனை பேர் அப்படி இருப்பீங்க?"

கைதட்டல் நின்றது. பின்வரிசையில் ஒருவர், "யாருப்பா இவன், எந்தக் கட்சி?" என்று கத்தினார். இளையவர் பல்லைக் கடித்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, மாப்பிள்ளை அதைத் தானே போய் இழுத்து வாங்கிக்கொண்டார். அத்தை மேடையை விட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் மூத்தவர் கூப்பிட்டார். அறையில் தன் நாற்காலியைத் தள்ளிவிட்டு அந்த ஊதா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி உன்னை உடனே அனுப்பணும்ங்கறான்" என்றார். "எனக்கு நேத்து ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல. மெத்தைக்காரனுக்கே தூக்கம் வரலைன்னு வெளிய சொல்லிடாத, மானம் போயிடும்."

"சொல்லமாட்டேன் சார்."

"உண்மையைச் சொல்லு. நான் இந்த டீமை மோசமாவா நடத்தறேன்?"

"விளக்கு எரியுது சார். பாத்ரூம் நல்லா இருக்கு. ஆட்டம்தான் நல்லா இல்ல. நீங்க யாரையும் கேக்காம செய்யறீங்க. நல்லதையும் கேக்காம செய்யறீங்க."

மூத்தவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். "சரி, கிழக்கு ஸ்டாண்டுல ஒண்ணும் போட வேண்டாம். நீயும் இனிமே அறிவிப்பு எழுத வேண்டாம்."

போச்சு என்று நினைத்தார் மாப்பிள்ளை.

"ரசிகர்கள் என்னென்ன திட்டறாங்களோ அதையெல்லாம் கேட்டுக்கிட்டு வந்து, ஒண்ணு விடாம என்கிட்ட சொல்லணும். அதுதான் உன் வேலை. அந்த அம்மா மாதிரி எத்தனை பேர் இருக்காங்க?"

"அந்த மாதிரி ஒருத்தங்கதான் சார்" என்றார் மாப்பிள்ளை.

வேலை தப்பியது. ஆனால் அத்தை அந்த வாரம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. மனைவி ஃபோன் செய்தபோதும், "சாப்பிட்டியா, சரி வை"தான். ஞாயிற்றுக்கிழமை டீம் மறுபடி தோற்றது. ஸ்டாண்டில் அத்தைக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் கூட்டம் புகுந்துவிட்டதால் முகம் பார்த்துக்கொள்ளவும் முடியவில்லை. கடைக்குப் போவதா வேண்டாமா என்று தெருமுனையில் நின்று யோசித்தார். கால் கடுத்தது. கடைசியில் போனார்.

உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. மாப்பிள்ளைக்கு முகம் விழுந்துவிட்டது. பள்ளம் விழுந்த சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். டீ வந்தது. மருந்துக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இன்னைக்குக் காத்து கொஞ்சம் ஈரமா இருக்கு, இல்ல?" என்று ஆரம்பித்தார்.

"காத்து கிடக்கட்டும்" என்றார் அத்தை.

வளைந்த ஊசி மாப்பிள்ளையின் மூக்குக்கு நேராக நீண்டது.

"ஏன் மாப்பிள்ளை, அந்த லெஃப்ட் பேக் ஆடற ஆளை எந்தக் கடையில பிடிச்சீங்க? வாங்கும்போது ஓடவிட்டுப் பார்த்தீங்களா, இல்ல மெத்தை மாதிரி அமுக்கிப் பார்த்து வாங்கிட்டீங்களா?"

"அத்தை, அவரு நல்ல ஆட்டக்காரர்தான், காலைக்..."

"காலைக் காணோமே! எதிராளி அவன் பக்கமா வீட்டுக்குப் போற மாதிரி நடந்து போறான்!"

"அதைக் கேளுங்கக்கா முதல்ல!" என்று பிரேக்கு எழுந்தே விட்டார். "புதுக் கோச்சு என்ன, தூங்கறதுக்கா வந்திருக்கார்? அவரையும் உங்க கம்பெனியில இருந்து அனுப்பினாங்களா?"

"பொறுங்க, அவரைப் பேச விடுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். "ஆனா மாப்பிள்ளை, அந்த பெனால்டிக்கு யாரு அந்த ஆளை அனுப்பினது? அதை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்."

"நான் சொல்றதைக் கேளுங்க, கோச்சு வந்து ஒரு வாரம்கூட..."

"அட, சும்மா இருங்க மாப்பிள்ளை! ஊதாச் சட்டையைக் கழட்டச் சொன்னீங்களா இல்லையா உங்க ஆள்கிட்ட? நாளைக்கே போய்ச் சொல்றீங்க. நான் சொன்னேன்னு சொல்றீங்க. ஒரு வார்த்தை குறைக்காம சொல்றீங்க!" என்றார் அத்தை.

மாப்பிள்ளை விடவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்று, கை வீசி, தொண்டை கிழியப் பதில் சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை. அவர் கத்த, அவர்கள் கத்த, தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் களேபரத்தில் அவர் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. மனைவி.

"என்ன அங்க ஒரே சத்தம்? யாரு கத்தறா?"

"உங்கம்மாதான்" என்றார் மாப்பிள்ளை, காதைப் பொத்திக்கொண்டு. "என்னைத் திட்டறாங்க."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற ஒலி கேட்டது.

"ஃபோனைக் கட் பண்ணிடாதீங்க" என்றாள் அவள். "அம்மா பக்கமா வைங்க. நானும் கொஞ்சம் கேக்கறேன்."